டெண்டி எத்தனை விற்றது? கணக்கில் வராத கன்சோல்களை எண்ணுவது

நிண்டெண்டோவிடம் கணக்கு சுத்தமாக இருக்கிறது. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வந்த ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டி, பிற நாடுகளில் என்.இ.எஸ். என்ற பெயரில் விற்ற அதன் மறுவடிவம், இரண்டும் சேர்த்து 6 கோடியே 19 லட்சத்து 10 ஆயிரம். ஜப்பானில் 1.93 கோடி, வட, தென் அமெரிக்காவில் 3.40 கோடி, மீதி உலகம் முழுக்க வெறும் 85.6 லட்சம்.

அந்தக் கடைசி எண்ணைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் வேண்டும். மேற்கு ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் அதற்குள்தான் அடக்கம். அதைக் கழித்துவிட்டால் ரஷ்யா, போலந்து, சீனா, இந்தியா போன்ற நாடுகளுக்கு என்ன மிஞ்சும்? ஆனால் 90களில் அங்கெல்லாம் குழந்தைகள் மரியோவும் கான்ட்ராவும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் 'வீடியோ கேம்', அதில் செருகுவது 'கேசட்'. இந்தியக் கடைகளில் 'லிட்டில் மாஸ்டர்' என்ற பெயரில் வந்த பெட்டியும் அந்த வகைதான். அதன் உள்ளே இருந்தது ஃபாமிகாமின் நகல், உரிமம் இல்லாத குளோன்.

இந்தக் குளோன்கள் மொத்தம் எத்தனை உற்பத்தியாகின? இதற்குப் பதிலாகப் பல எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ரஷ்யாவின் டெண்டி 60 லட்சம் என்பார்கள். சீனாவின் சுபோர், அதாவது 'சியாவ்பாவாங்', 2 கோடிக்கு மேல் என்று சீன ஊடகங்களில் அடிக்கடி வரும். இந்த எண்கள் ஒரு கட்டுரையிலிருந்து இன்னொரு கட்டுரைக்குக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. முதலில் எண்ணியது யார், எதை எண்ணினார் என்பது மட்டும் கூடவே வருவதில்லை.

முதல் சிக்கல் எதை ஒன்று என்று எண்ணுவது என்பது. தைவானின் டி.எக்ஸ்.சி. நிறுவனம் 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெயரில் குளோன்களைத் தயாரித்தது. அதன் ஐக்யூ வரிசைப் பெட்டி ரஷ்யாவில் 'டெண்டி கிளாசிக்' ஆனது, போலந்தில் 'பெகாசஸ்' ஆனது. ஒரே வரிசை, ஏறத்தாழ ஒரே உடம்பு, வேறு வேறு ஸ்டிக்கர். தைவான் தயாரிப்பாளர் தன் கணக்கில் அதை ஒரு முறை சொல்வார், ரஷ்ய வியாபாரி தன் விற்பனையாக ஒரு முறை சொல்வார். இரண்டையும் கூட்டினால் ஒரு பெட்டி இரண்டாகிவிடும். போலிக்கும் போலி வந்தது என்பது இதற்கு மேல். டெண்டி விற்கிறது என்றதும் அதே பெயரை ஒட்டி இன்னும் மலிவான பெட்டிகள் சந்தைக்கு வந்தன. நாம் எந்த நிறுவன நகலெடுக்கும் இயந்திரத்தையும் 'ஜெராக்ஸ்' என்பதுபோல ரஷ்யாவில் எட்டு பிட் பெட்டி எல்லாமே 'டெண்டி' ஆகிவிட்டது. இன்றைக்கு 40 வயதுள்ள ஒருவரிடம் 'உங்கள் வீட்டில் டெண்டி இருந்ததா' என்று கேட்டால் ஆமாம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பதிலை வைத்து, அசல் டெண்டியை விற்ற ஸ்டீப்ளர் நிறுவனம் எத்தனை விற்றது என்று சொல்ல முடியாது.

டெண்டியின் கதை ஓரளவு பதிவாகியிருப்பதால் அதிலேயே தொடங்கலாம். விக்டர் சாவ்யுக் என்பவரின் யோசனை அது. ஸ்டீப்ளர் என்ற ரஷ்யக் கணினி நிறுவனம் 1992 டிசம்பரில் விற்பனையைத் தொடங்கியது. விலை 39,000 ரூபிள், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 94 டாலர். அந்த மாதச் சராசரிச் சம்பளத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்புறம் மலிவான 'டெண்டி ஜூனியர்' வந்தது, பத்திரிகை வந்தது, 1994இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியே வந்தது. 1994 வாக்கில் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டதாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நிண்டெண்டோ ஸ்டீப்ளருடன் ஒப்பந்தம் போட்டது: நீங்கள் எங்கள் சூப்பர் நிண்டெண்டோவை விற்றுக்கொடுங்கள், டெண்டி பற்றி நாங்கள் பேசமாட்டோம். 1996இல் ஸ்டீப்ளரே விழுந்துவிட்டது.

இப்போது அந்த 60 லட்சத்தைச் சோதிக்கலாம். 2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரஷ்யாவில் சுமார் 5.27 கோடிக் குடும்பங்கள். 60 லட்சம் பெட்டி என்றால் ஒன்பது வீட்டுக்கு ஒன்று. நடக்கக்கூடியதுதான், அதுவும் பக்கத்து முன்னாள் சோவியத் நாடுகளையும் சேர்த்துக்கொண்டால். ஆனால் நடக்கக்கூடியது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல. ஒரே நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் 60 லட்சம் விற்றதா, அல்லது எல்லாருடைய எட்டு பிட் பெட்டிகளும் சேர்ந்து 60 லட்சமா? இரண்டாவதை நம்ப எனக்குச் சிரமமில்லை. முதலாவதற்கு ஆவணம் வேண்டும்.

சுபோருக்கும் இப்படி ஒரு குறுக்குக் கணக்கு போடலாம். குவாங்டோங் மாகாணத்தின் சோங்ஷானில் இருந்த அந்தத் தொழிற்சாலை நஷ்டத்தில் கிடந்தபோது 1989இல் துவான் யோங்பிங் பொறுப்பேற்றார். கேம் பெட்டியோடு ஒரு கீபோர்டைச் சேர்த்து 'கற்றல் இயந்திரம்' என்று விற்றது அந்த நிறுவனம் செய்த புத்திசாலித்தனம். பிள்ளை படிக்கும் என்றால் எந்த நாட்டுப் பெற்றோரும் பர்ஸைத் திறப்பார்கள். ஜாக்கி சான் விளம்பரத்தில் வந்தார். 1995இல் துவான் விலகியபோது ஆண்டு உற்பத்தி மதிப்பு 100 கோடி யுவான் என்பது அடிக்கடி சொல்லப்படும் எண். (அவர் அடுத்துத் தொடங்கியது பி.பி.கே. ஓப்போ, விவோ கைப்பேசிகள் அந்த வழியில் வந்தவை. இந்தப் பெட்டியின் வம்சாவளி நம் சட்டைப்பை வரைக்கும் நீள்கிறது.)

ஒரு பெட்டியின் தொழிற்சாலை விலை சராசரியாக 250 முதல் 400 யுவான் என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம்தான். 100 கோடியை அதனால் வகுத்தால் ஆண்டுக்கு 25 முதல் 40 லட்சம் பெட்டிகள். கீபோர்டு இல்லாத மலிவு ரகங்கள் நிறைய விற்றன என்று சராசரியை 200 யுவானுக்கு இறக்கினால் 50 லட்சம். அதுவும் உச்சத்தில் இருந்த ஆண்டில். 2 கோடியை எட்ட வேண்டுமானால் அதே உச்சம் நான்கு முதல் எட்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும். முடியாதது என்று சொல்லமாட்டேன், ஆனால் இழுத்துப் பிடித்தால்தான் எட்டும். 'எத்தனை விற்றது' என்று கேட்பதைவிட 'அத்தனை விற்றிருந்தால் பணம் எங்கே தெரிந்திருக்க வேண்டும்' என்று கேட்பது எப்போதுமே பலன் தரும்.

எண்ணைச் சொல்பவர் யார் என்பதும் முக்கியம். விற்பவர் விளம்பரத்துக்காகக் கூட்டிச் சொல்வார், வரி அதிகாரியிடம் குறைத்துச் சொல்வார். வழக்குப் போடுபவர் நஷ்டஈட்டுக்காகக் கூட்டுவார். கேசட்டுகளை நகலெடுத்த தைவானின் என்.டி.டெக். நிறுவனத்துக்கு எதிராக நிண்டெண்டோ அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 1993இல் 2.4 கோடி டாலர் தீர்ப்பானது. அந்தத் தொகையை ஒரு கேசட் விலையால் வகுத்து உற்பத்தி எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாந்துபோவோம், நீதிமன்றத் தொகைக்குள் அபராதப் பெருக்கல்களும் வக்கீல் செலவும் கலந்திருக்கும். பறிமுதல் செய்திகளும் இதே ரகம். 2000களின் நடுவில் அமெரிக்க மால்களில் 'பவர் பிளேயர்' என்ற குளோன் விற்றதாகப் பிடிபட்ட வழக்கில் வியாபாரி அதை 7 முதல் 9 டாலருக்கு வாங்கி 30 முதல் 70 டாலருக்கு விற்றது தெரியவந்தது. 'பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கு பறிமுதல்' என்று ஒரு செய்தி வந்தால் எந்த விலையில் மதிப்பிட்டார்கள்? வாங்கிய விலை என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் பெட்டிகள். விற்ற விலை என்றால் பதினைந்தாயிரம்கூட இருக்கலாம். இதற்கு மேல் 'சுங்கத்தில் பிடிபடுவது பத்தில் ஒரு பங்குதான்' என்று சொல்லிப் பத்தால் பெருக்குகிறவர்களும் உண்டு. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

வரிசை எண் இருந்தால் வேலை சுலபம். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகள் ஜெர்மனியின் டாங்கி உற்பத்தியைக் கைப்பற்றிய டாங்கிகளின் பாக எண்களை வைத்தே கணித்தன. 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை சொன்னது 1,550. புள்ளியியலாளர்கள் சொன்னது 327. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மன் ஆவணத்தில் இருந்தது 342. சூத்திரம் எளிது. கையில் கிடைத்த எண்களில் பெரியதை எடு, அதை மாதிரி எண்ணிக்கையால் வகுத்து வருவதை அதனோடு கூட்டு, ஒன்றைக் கழி. பத்துப் பெட்டி கிடைத்து அதில் பெரிய எண் 5,000 என்றால் மொத்தம் சுமார் 5,499. கமடோர் 64 கணினிக்கும் இதே பாணியில் வரிசை எண்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 1.7 கோடி கரைந்து 1.25 கோடிக்கு வந்தது. அது உரிமம் பெற்ற, ஆண்டறிக்கை வெளியிட்ட அமெரிக்க நிறுவனம். அதன் கணக்கிலேயே 45 லட்சம் காற்று.

குளோன்களில் பெரும்பாலானவற்றில் வரிசை எண்ணே கிடையாது. கிடைத்தாலும் உத்தரவாத அட்டைக்காகக் கடைக்காரர் ஒட்டிய எண்ணாக இருக்கும். பெட்டியை நம்ப முடியாது என்பதால் உள்ளே பார்க்க வேண்டியிருக்கிறது.

மூல ஃபாமிகாமில் ரிக்கோ நிறுவனம் செய்த இரண்டு முக்கிய சிப்கள்: கணக்குப் போட ஒன்று, படம் வரைய ஒன்று. தைவானின் சிப் நிறுவனமான யு.எம்.சி. இவற்றின் நகல்களை யுஏ6527, யுஏ6528 என்ற எண்களில் செய்தது. ஐரோப்பிய வகைத் தொலைக்காட்சிகளுக்காக யுஏ6538 என்ற படச் சிப்பும் இருந்தது. இதை வெறும் காப்பி என்று ஒதுக்கிவிட முடியாது. நிண்டெண்டோவின் சொந்த ஐரோப்பியப் பெட்டியில் ஜப்பானிய கேம்கள் மெதுவாக ஓடும். யு.எம்.சி. நேரக்கணக்கை மாற்றி அமைத்து, ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 படம்) திரையிலும் பாட்டு கிட்டத்தட்ட சரியான சுருதியில் கேட்கும்படி செய்தது. நகலெடுத்தவர்கள் அசலை ஒரு இடத்தில் முந்திவிட்டார்கள். இந்த நேரக்கணக்குக்கு ஆர்வலர்கள் வைத்த பெயரே 'டெண்டி'.

ஒரு பெட்டிக்கு ஒரு கணக்குச் சிப், ஒரு படச் சிப். ஸ்டிக்கர் எத்தனை முறை மாறினாலும் இந்த விகிதம் மாறாது. அச்சும் ஸ்டிக்கரும் யார் வேண்டுமானாலும் செய்யலாம், சிப் செய்யும் ஆலைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெட்டிகளைவிட சிப்களை எண்ணுவதே சரி என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆலையின் கொள்ளளவு மேல் எல்லையைத் தரும் என்று தோன்றலாம். போட்டுப் பார்ப்போம். சிப்களை வெட்டியெடுக்கும் வட்டமான சிலிக்கான் தகட்டை (வேஃபர்) இங்கே சில்லு என்கிறேன்; ஆறு அங்குலச் சில்லு ஒன்றின் பரப்பு சுமார் 17,670 சதுர மில்லிமீட்டர். ஒரு சிப்புக்கு 25 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓரத்தில் வீணாவது போக 640 கிடைக்கும். பத்தில் ஏழு தேறினால் சுமார் 450. மாதம் கணக்குச் சிப்புக்கு ஆயிரம் சில்லு, படச் சிப்புக்கு ஆயிரம் சில்லு ஓட்டினாலே நாலரை லட்சம் பெட்டிக்குச் சரக்கு ரெடி, ஆண்டுக்கு 54 லட்சம். ஒரு நடுத்தர ஆலைக்கு மாதம் இரண்டாயிரம் சில்லு பெரிய விஷயமே இல்லை. ஆக, சிப் ஆலையால் உற்பத்தி முடங்கியிருக்காது. மேல் எல்லை கிடைக்கிறது, ஆனால் அது வானத்தில் இருக்கிறது. அதைத் தரைக்கு இறக்க வேறு வழி வேண்டும்.

அந்த வழி சிப்பின் முதுகிலேயே அச்சாகியிருக்கிறது. நான்கு இலக்கத் தேதிக் குறி: 9312 என்றால் 1993ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். ஒரு குறிப்பிட்ட நாட்டில் பழைய பெட்டிகள் 200ஐத் திறந்து பார்க்கிறோம், அதில் 50 பெட்டிகளின் சிப் 1993ஐச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் நம்பகமான இறக்குமதி எண், உதாரணத்துக்கு 8 லட்சம், கையில் இருந்தால் மொத்தம் 32 லட்சம் என்று மதிப்பிடலாம். ஒரே ஒரு உறுதியான ஆண்டு போதும், மற்ற ஆண்டுகளை விகிதம் இழுத்துக்கொண்டு வரும். குறையும் உண்டு. சேகரிப்பாளர்கள் பழையதையே பத்திரப்படுத்துவார்கள், பின்னால் வந்த மட்டமான பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்கும். ஆகவே நாம் பிடித்த ஆண்டு முற்பகுதியைச் சேர்ந்தது என்றால், இந்த முறை மொத்தத்தைக் குறைத்துத்தான் காட்டும். பிழை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்த மதிப்பீடு, தெரியாத துல்லியத்தைவிட மேல்.

அந்த உறுதியான ஓர் ஆண்டுக்குச் சுங்கப் புள்ளிவிவரத்தை நாடலாம். உலக நாடுகள் பயன்படுத்தும் சரக்குக் குறியீட்டில், தொலைக்காட்சியோடு இணைக்கும் வீடியோ கேம்களுக்கு 9504.10 என்ற எண் இருந்தது, 2012 திருத்தத்தில் அது 9504.50 ஆனது. ஆனால் அதே குறியீட்டின் கீழ்தான் பிளேஸ்டேஷனும் வரும். பிரிப்பதற்கு மதிப்பைப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு 300 டாலர் என்றால் அது சோனியாக இருக்கலாம், 10 டாலர் என்றால் நாம் தேடும் ஆள். ஹாங்காங் வழியாக மறு ஏற்றுமதியானது இரண்டு முறை பதிவாகியிருக்கும். சிலர் பொம்மை என்று எழுதியிருப்பார்கள். சீனாவில் 2000இல் கன்சோல் விற்பனைக்குத் தடை வந்தபோது 'கற்றல் இயந்திரம்' என்ற பெயர் இன்னும் வசதியாகிப்போனது. அந்தத் தடை 2014, 2015இல்தான் விலகியது.

பிரேசிலில் நிலைமை தலைகீழ். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால் அங்கே குளோன் செய்தவர்கள் ஊரறிந்த பெரிய நிறுவனங்கள். கிராடியெந்தே நிறுவனத்தின் 'ஃபான்டம் சிஸ்டம்' பகிரங்கமாகக் கடைகளில் விற்றது, வெளித்தோற்றம் அடாரி 7800ஐப் பார்த்துச் செய்தது, உள்ளே என்.இ.எஸ். அதே கிராடியெந்தே 1993இல் எஸ்ட்ரேலாவுடன் சேர்ந்து 'பிளேட்ரானிக்' தொடங்கி நிண்டெண்டோவின் அதிகாரபூர்வப் பிரதிநிதியாகிவிட்டது. ஸ்டீப்ளர் கதையேதான். குளோன் என்றாலே இருட்டறையில் செய்தது என்று நினைத்தால் பிரேசிலை எண்ணவே மாட்டோம்.

கேசட்டை எண்ணி கன்சோலைக் கண்டுபிடிக்கலாமே என்று ஒரு யோசனை வரும். நிண்டெண்டோ கணக்கில் 50 கோடி கேசட், 6.19 கோடி பெட்டி, ஆக பெட்டிக்கு எட்டு. குளோன் உலகில் இது செல்லாது. '9999 இன் 1' கேசட் ஒன்றே போதும் என்று இருந்த வீடுகள் ஏராளம். (உள்ளே இருந்தது சில டஜன் கேம்கள், பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். அந்த ஏமாற்றத்தைப் பலர் இன்னும் மறக்கவில்லை.)

90களின் நடுவில் தேதிக் குறி முறைக்கும் ஆபத்து வந்தது. இரண்டு சிப்களும் சேர்ந்து ஒரே சிப் ஆயின. அந்தச் சிப்புக்கும் உறை கிடையாது, நேரே போர்டில் ஒட்டி மேலே கறுப்புப் பிசினால் ஒரு பொட்டு. எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. 1995இல் யு.எம்.சி. சொந்தச் சிப்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் செய்துகொடுக்கும் ஆலையாக மாறத் தொடங்கியது. அதன் பின் இந்த வடிவமைப்பு யாரிடம் இருந்து யாருக்குப் போனது என்று தொடர்வது கடினம். என்றாலும் பொட்டுக்குள் இருப்பது பேசும். பல குளோன் சிப்களில் ஒலிப் பகுதியில் ஒரு தவறு உண்டு: கேம் ஓசைக்கு அடிப்படையான சதுர அலை ஒவ்வொரு சுற்றிலும் நான்கில் ஒரு பங்கு நேரம் மேலே இருப்பது 'கால் அளவு', பாதி நேரம் இருப்பது 'அரை அளவு'; இந்தக் கால் அளவும் அரை அளவும் இடம் மாறிவிட்டன. பழகிய காதுக்கு மரியோவின் ஓசை கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோலத் தெரியும். பிசினைச் சுரண்டாமல், ஒரு கேம் போட்டுக் கேட்டே இது எந்தக் குடும்பச் சிப் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

குளோன்கள் அசலை மிஞ்சினவா என்ற கேள்விக்கு வருவோம். 1996 வரை, டிவியில் செருகும் பெட்டிகளை மட்டும் எண்ணினால், சொல்லப்படும் பெரிய எண்களை அப்படியே ஏற்றாலும் சுபோர் 2 கோடி, டெண்டி 60 லட்சம், மற்ற நாடுகளுக்கு இன்னும் சில கோடி என்று சேர்த்தால்தான் 6.19 கோடியை நெருங்கும். அவற்றை மேலே செய்ததுபோல் வெட்டினால் நெருங்காது என்பது என் கணிப்பு. ஆனால் நிண்டெண்டோ ஜப்பானில் 2003 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. வன்பொருள் காப்புரிமைகளும் அந்த ஆண்டுகளை ஒட்டிக் காலாவதியாயின. பெட்டியைச் செய்வதே குற்றம் என்ற நிலை போய், உள்ளே திருட்டு கேம் இருக்கிறதா என்பது மட்டுமே வழக்கானது. அசல் நின்ற இடத்திலிருந்து குளோன் ஓடிக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோலருக்குள்ளேயே கன்சோல், கீ செயின் அளவுப் பெட்டி, கையடக்க ரகம் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் மிஞ்சியிருக்கும் என்றே சொல்வேன், எவ்வளவு என்று கேட்காமல் இருந்தால்.

போன வருடம் அக்கா மகனுக்கு 'சப்' என்று எழுதிய '400 இன் 1' கையடக்கப் பெட்டி ஒன்று வாங்கினேன், நடைபாதைக் கடையில். இரண்டு நாளில் ஒரு பொத்தான் வேலை செய்யவில்லை, திறந்து பார்த்தேன். பச்சைப் போர்டு, கைப்பேசி பேட்டரி, நடுவில் கறுப்புப் பொட்டு. எந்த எண்ணும் இல்லை. மூடி ஸ்குரூவை முடுக்கிவிட்டு மரியோவைப் போட்டேன். கால் அளவும் அரை அளவும் இடம் மாறித்தான் இருந்தன.